குட்டியின் காதில் ஒரு வெட்டு: குதிரை உடைமையான வரலாறு

மாடு வளர்த்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு இரண்டு சொல் நல்லாத் தெரிந்திருக்கும். ஒன்று நலமடிக்கிறது. மற்றது குறிசுடுகிறது. நாம்பன் ஒன்று வண்டிக்கோ ஏருக்கோ ஆகிற வயதுக்கு வந்தால் அதை நலமடிக்க வேணும், இல்லாட்டில் அது ஒருத்தருக்கும் அடங்காது. காட்டில் மேய விடுகிற மாடென்றால் தொடையில் குறியும் சுட வேணும், இல்லாட்டில் அது யாருடையது எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லேலாது. முதலாவது வேலை மிருகத்தை அடக்குகிறது, இரண்டாவது வேலை அதுக்கு ஒரு சொந்தக்காரனைக் கொடுக்கிறது.

இதை ஊர் வழக்கம் எண்ட அளவிலேயே நாங்கள் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் இதே இரண்டு வேலையையும் ஆண் குதிரைக்குட்டிகள் மேல் மனிதர்கள் இரண்டாயிரம் வருசத்துக்கும் மேலாகச் செய்து வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், குதிரையைப் பற்றி மட்டுமில்லாமல் அரசுகள் மனிதரை எண்ணப் பழகியதைப் பற்றியும் கொஞ்சம் விளங்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம்

குதிரைக்குட்டியை நலமடிப்பது திடீரென்று ஒரு நாளில் செய்து முடிக்கிற காரியமில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் செய்வார்கள். அதுக்கு முன்னமே குட்டியைத் தலைக்கயிற்றுக்குப் பழக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தால் பின்னால் வரவும், கட்டினால் நிற்கவும், கழுத்தையும் விலாவையும் பின்னங்காலையும் மனிதக் கை தொட்டால் உதறாமல் இருக்கவும் அது பழக வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாத குட்டியை அன்றைக்கு மல்லுக்கட்டித்தான் விழுத்த வேண்டிவரும். அதில் குட்டிக்கும் காயம், ஆளுக்கும் காயம்.

பிறகு விதைகள் இரண்டும் கீழே இறங்கியிருக்கிறதா எண்டு தடவிப் பார்க்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளே தங்கியிருந்தால் அது சாதாரண வேலையில்லை, பெரிய சத்திரசிகிச்சை. குதிரைக்கு ஏற்புவலி மிக எளிதில் பிடிக்கும் என்பதால் இன்றைய மிருக வைத்தியர் அதற்கான தடுப்பூசியை முதலில் பார்ப்பார். இலையான் மொய்க்கிற காலத்தையும் சேறு நிறைந்த காலத்தையும் தவிர்ப்பார்கள். வேலை முடிந்த பிறகு குட்டியைச் சும்மா கட்டி வைக்கக் கூடாது. நடக்க விட வேண்டும், அப்போதுதான் வீக்கம் வடியும். நலமடித்த பிறகும் சில கிழமைகளுக்கு அது பெண் குதிரையைச் சினைப்படுத்தக் கூடும், ஆகவே தனியாகத்தான் விட வேண்டும்.

மயக்கமருந்து இல்லாத காலத்தில் இவை எல்லாவற்றையும் கயிறும் ஆள் பலமும் கைப்பழக்கமும்தான் செய்தன. குட்டியைக் கட்டி விழுத்துவது எப்படியும் ஒரு முறைதான் முடியும் என்பதால், குறிசுடுகிற வேலையையும் அதோடேயே முடிப்பது வசதி. இரும்பும் கத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது அப்படித்தான்.

பனிக்குள் கிடந்த குதிரைகள்

இந்த இரண்டு வேலைக்கும் நம்மிடம் உள்ள பழைய சாட்சிகளில் ஒன்று சைபீரியாவின் தெற்கே, அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்ற இடத்தில் கிடைத்தது. 1929இல் கிரியாஸ்னோவ் என்ற தொல்லியலாளர் அங்கே முதலாவது புதைமேட்டைத் தோண்டினார். 1947 முதல் 1949 வரை செர்கெய் ருதென்கோ மற்றைய மேடுகளைத் தோண்டினார். ஏறக்குறைய 2300 வருசத்துக்கு முந்திய கல்லறைகள். உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டதால் துணி, தோல், மரம், மனித உடலில் குத்திய பச்சை எல்லாமே அழியாமல் கிடந்தன. தலைவர்களோடு சேர்த்துக் கொன்று புதைத்த குதிரைகளும் அப்படியே கிடந்தன.

அந்தக் குதிரைகளைச் சோதித்தவர்கள் இரண்டு விசயத்தைக் கவனித்தார்கள். ஒன்று, அவை நலமடித்த ஆண் குதிரைகள். மற்றது, அவற்றின் காதுகளில் வெட்டு இருந்தது. முதலாவது மேட்டில் பத்துக் குதிரைகள், ஒவ்வொன்றின் காதிலும் வெட்டு வேறு வேறு மாதிரி. ஒரே ஆளுடைய மந்தையென்றால் வெட்டும் ஒரே மாதிரித்தானே இருக்க வேண்டும்? ஆகவே இவை வெவ்வேறு குலத் தலைவர்கள் இறந்தவருக்குக் கொடுத்த குதிரைகளாக இருக்கலாம் என்று ருதென்கோ கருதினார். அந்த மக்கள் எழுத்து எதையும் விட்டுப் போகவில்லை. ஆனால் செத்த வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்கிற பட்டியல் போல ஒன்று குதிரைகளின் காதில் மிஞ்சிக் கிடந்தது.

புல்வெளி மக்களின் இந்தப் பழக்கத்தைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோவும் குறித்திருக்கிறார். சித்தியரும் சர்மத்தியரும் தங்கள் குதிரைகளை நலமடிப்பது அவர்களுக்கே உரிய வழக்கம் என்றும், அந்தக் குதிரைகள் சிறியவை ஆனாலும் வேகமும் முரட்டுத்தனமும் கூடியவை என்பதால் அடக்குவதற்காக அப்படிச் செய்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். ஐரோப்பிய மொழிகளில் இதன் தடம் இன்றைக்கும் இருக்கிறது. நலமடித்த குதிரைக்குப் பிரெஞ்சில் உள்ள சொல் 'ஓங்ர்', அதாவது ஹங்கேரியன். ஜெர்மன் சொல் 'வலாக்', அதாவது வலாக்கியாக்காரன். ஒரு வேலையைத் தங்களுக்குக் காட்டிக் கொடுத்த கிழக்கத்தைய மக்களின் பெயரை எடுத்து, விதை நீக்கிய மிருகத்துக்கு வைத்துவிட்டார்கள். அதை நன்றியென்று சொல்லுவதா நக்கலென்று சொல்லுவதா எண்டு எங்களுக்குத் தெரியேல்லை.

டெல்லியின் சூட்டுக்கோல்

பசிரிக்கில் குறி என்பது குலத்துக்கும் குலத்துக்கும் இடையிலான பேச்சு. அரசு அதைக் கையிலெடுக்கும்போது கதை மாறுகிறது. அதுக்கு நல்ல உதாரணம் டெல்லி.

1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜிக்கு மங்கோலியப் படையெடுப்புகளைத் தடுக்க ஒரு பெரிய நிலையான படை தேவைப்பட்டது. குதிரை வீரனுக்குக் காசாகச் சம்பளம் கொடுத்தார். சம்பளம் காசாக வந்த உடனே களவும் வந்தது. நல்ல குதிரையைக் காட்டிச் சம்பளம் எடுத்துவிட்டு, அதை விற்றுப்போட்டு நோஞ்சான் குதிரையில் வந்து நிற்பார்கள். ஒரே குதிரையை இரண்டு பேர் மாறி மாறிக் காட்டுவார்கள். இதை நிறுத்தத்தான் குதிரைக்குச் சூடு போடுகிற 'தாக்' முறை வந்தது. அதோடு சேர்த்து வீரனின் முக அடையாளத்தை எழுதி வைக்கிற பதிவேடும் வந்தது. இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். குதிரையின் தோலில் சூடு விழுந்த அதே அலுவலகத்தில், மனிதனின் முகம் தாளில் ஏறியது.

விதி வந்தால் விதியைச் சுத்திப் போகிற வழியும் வரும். பிரோஸ் ஷா துக்ளக் காலத்துக் கதை ஒன்றை அபீப் என்ற வரலாற்றாசிரியர் சொல்கிறார். குதிரையைப் பரிசோதனைக்குக் கொண்டுவர முடியாமல் ஒரு வீரன் கூட்டாளியிடம் புலம்பிக் கொண்டிருந்தது சுல்தானின் காதில் விழுந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு ஏதாவது கொடுத்துச் சமாளியேன் என்றாராம் சுல்தான். கையில் காசில்லை என்றான் வீரன். சுல்தானே ஒரு பொன் தங்காவை எடுத்துக் கொடுத்தாராம், தன் அலுவலருக்கே லஞ்சம் கொடுக்க! இதை இரக்கம் என்று படிக்கிறவர்களும் உண்டு, நிர்வாகம் இற்றுப் போனதன் அடையாளம் என்று படிக்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரிதான் போல.

பிறகு 1540க்கும் 1545க்கும் இடையில் ஷேர் ஷா இந்த முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். 1570களில் அக்பர் அதை இன்னும் இறுக்கினார். எதிர்ப்பு வந்தது வீரர்களிடமிருந்தில்லை, பெரிய பிரபுக்களிடமிருந்து. ஏனென்றால் அகப்படப் போவது அவர்கள்தான். பரிசோதனை நாளில் வேலைக்காரருக்குப் படை உடுப்பைப் போட்டு, இரவல் குதிரையில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டுவார்கள் என்று அக்காலத்திலேயே பதாயுனி எழுதி வைத்திருக்கிறார். அபுல் பசலின் 'அயினி அக்பரி' குறியின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதைச் சொல்கிறது. முதலில் எழுத்தின் உருவம், பிறகு வேறு உருவங்கள், கடைசியில் எண்கள்.

ஷாஜகான் காலத்தில் அரசே கொஞ்சம் இறங்கி வந்தது. தன் நிலம் இருக்கிற மாகாணத்திலேயே வேலை பார்க்கிற பிரபு, பதவிக்குரிய குதிரைவீரர் தொகையில் மூன்றிலொரு பங்கைக் கொண்டுவந்து சூடு போட்டால் போதும், வேறு மாகாணமென்றால் நாலிலொரு பங்கு. அதாவது தாளில் இருக்கிற படையும் தரையில் இருக்கிற படையும் ஒன்றில்லை என்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரி.

நெடுந்தீவில் சூடுபடாத குதிரைகள்

இந்தக் கதை எங்கட கடலையும் தொடுகிறது. யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் தீவுகளில் குதிரை வளர்த்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அதைத் தொடர்ந்தார்கள். தங்கள் ஊரான டெல்ஃப்ற் என்ற பெயரையும் நெடுந்தீவுக்கு வைத்தார்கள். பிறகு பிரித்தானியர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரியின் பொறுப்பில் அங்கே குதிரைப்பண்ணை நடந்தது. முருகைக்கல்லால் கட்டிய லாயத்தின் இடிபாடுகளை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அக்காலத்து ஆங்கிலேயப் பயண நூல்களில் வருகிற சித்திரம் இது: குதிரைகள் தீவில் தங்கள் பாட்டில் திரியும். தேவைப்படும்போது அடைப்புக்குள் துரத்திக் கொண்டுவந்து, கயிற்றுச் சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள். தலைக்கயிற்றுக்குப் பழக்குகிற அந்தப் பொறுமையான முதல் படி இதில் இல்லை. தீவே பட்டி, கடலே வேலி.

பண்ணை மூடப்பட்டது. பிடிக்க ஆளில்லாமல் போனதும் மிஞ்சின குதிரைகள் பெருகின. இன்றைக்கு நாங்கள் படம் எடுக்கப் போகிற மட்டக்குதிரைகள் அவற்றின் வழிவந்தவைதான். நலமடிக்காதவை, குறி சுடாதவை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கடும் வரட்சி வருகிற வருசங்களில் தண்ணியில்லாமல் குதிரைகள் செத்துக் கிடக்கிற செய்தி வராமல் விடுவதில்லை. அதே தண்ணிக்குத்தான் தீவின் சனமும் மாடுகளும் காத்து நிற்கின்றன.

இதை அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கேயும் ஸ்பானியர் கொண்டுவந்து காடேறின குதிரைகளின் வழித்தோன்றல்கள் உண்டு. 1971இல் அவற்றைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டார்கள். பிடித்த குதிரையின் கழுத்தின் இடப்பக்கத்தில் குளிர்க்குறி வைப்பார்கள். 1966இல் கீத் ஃபாரெல் என்ற மிருக வைத்தியர் உருவாக்கிய முறை அது. கடுங்குளிரூட்டிய இரும்பு மயிரின் நிறத்தைக் கொல்லும், பிறகு அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். அந்தக் குறியில் பிறந்த வருசமும் பதிவிலக்கமும் இருக்கும். ஆண் குதிரைகளைப் பெரும்பாலும் நலமடித்துத்தான் வளர்ப்பவரிடம் கொடுப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009இல் இருந்து புதிதாகப் பதிகிற குட்டிகளுக்குக் கழுத்துக்குள் சிப் வைக்க வேண்டும். சூட்டுக்கோல் ஊசியாகிவிட்டது, எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடையாளம் எண்டால் என்ன?

அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற ஊர்க்காரருக்கு டெல்லியின் பதிவேடு தூரத்துக் கதையில்லை. எங்களை எண்ணியவர்கள் எங்களைப் பராமரிக்கத்தான் எண்ணினார்கள் என்று நாங்கள் ஒருநாளும் நம்பவில்லை. ஆகவே குறி என்றால் அடக்குமுறை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டுப் போகலாம் போலத்தான் இருக்கும்.

ஆனால் 2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பிய சனம், விட்டுப்போன மாடுகளைத் தேடி அலைந்தபோது பார்த்தது தொடையில் இருந்த குறியைத்தான். "இது என்ர மாடு" எண்டு சொல்ல அவர்களிடம் வேறு ஒரு சாட்சியும் இருக்கேல்லை. அந்த இடத்தில் குறி எளிய மனிதரின் பக்கம் நின்றது.

குறி ஒருத்தனுக்கு உரிமையைக் கொடுக்கும்போது பொறுப்பையும் அவன் தலையில் வைக்க வேண்டும். வரலாற்றில் பெரும்பாலும் நடந்தது உரிமையை எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டதுதான். நெடுந்தீவில் மூன்று அரசுகள் குதிரையால் லாபம் பார்த்தன, போகும்போது மிருகங்களைத் தீவிலேயே விட்டுவிட்டுப் போயின. அவற்றுக்கு இப்போது சூட்டுக்கோலும் வேண்டாம், சிப்பும் வேண்டாம். வரட்சிக் காலத்தில் தொட்டியில் தண்ணி இருக்கிறதா எண்டு பார்க்க ஒரு ஆளும், அந்த ஆளிடம் கணக்குக் கேட்கிற நாங்களும் இருந்தால் போதும். வருகிற கோடைக்கு முன்னம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்குவோம்.