சயாமுக்குப் போன கொள்ளுத்தாத்தா

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலேறினால் அடுத்த ஸ்டேஷன் பர்வுட். அங்கே பார்க்கில் சண்டாக்கான் நினைவுச்சின்னம் ஒண்ணு இருக்கு. போர்னியோவில் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்து செத்த ஆஸ்திரேலிய சிப்பாய்களுக்காக வச்சது. போன வாரம் காய்கறி வாங்கப் போனவன் அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டேன். ஜப்பான்காரன் கொண்டுபோய் திரும்பி வராத ஆள் எங்க வீட்டிலயும் உண்டு. பாட்டியோட அப்பா.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. 1943ல் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டாராம். சயாமில் ரயில் ரோடு போடணும், நாளுக்கு ஒரு வெள்ளி, மூணு மாசத்தில் திரும்பிடலாம்னு சொன்னாங்களாம். பாட்டிக்கு அப்போ நாலு வயசு. வீட்டுக்குத் தெரிஞ்ச கதை இதோட முடிஞ்சுது.

சரி, தேடித்தான் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன். அதே ரயில் பாதையில் வேலை செய்த ஆஸ்திரேலியர்கள் சுமார் 13,000 பேர். இந்த நாட்டு இரண்டாம் உலகப்போர் பெயர்ப் பட்டியல் இணையத்திலேயே கிடைக்குது. பெயரைத் தட்டினால் பிறந்த ஊர், சேர்ந்த தேதி, போர்க்கைதியா இல்லையா என்பது வரை வருது. எங்க ஆளைத் தேட பட்டியலே இல்லை.

கணக்கைப் பாருங்க. பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கி.மீ. 1942 நடுவில் ஆரம்பிச்சு 1943 அக்டோபரில் முடிச்சாங்க. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், அதில் 12,000 பேருக்கு மேல் செத்தாங்க. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் ரெண்டு லட்சம். மலாயாத் தமிழர்கள், பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி. செத்தவங்க 70,000னு ஒருத்தர் சொன்னா, இன்னொருத்தர் 90,000ங்கிறார். நடுவுல காணாமப் போற அந்த இருபதாயிரத்தில்தான் எங்க கொள்ளுத்தாத்தா இருக்காரோ என்னவோ!

ஏன் இப்படி? சிப்பாய்கள் கைதியானபோதும் அவங்க அதிகாரிகள் கூடவே இருந்தாங்க. யார் எப்போ செத்தான், எங்கே புதைச்சோம்னு ரகசியமா எழுதி, சில இடத்தில் அந்தக் காகிதத்தையே கல்லறைக்குள் ஒளிச்சு வச்சாங்க. 1945 செப்டம்பரில் ஒரு சிறு குழு ரயில் பாதை நெடுக போய் 10,000க்கும் அதிகமான கல்லறைகளைக் கண்டுபிடிச்சது அந்தக் குறிப்புகளை வச்சுத்தான்.

தோட்டத்து ஆட்களுக்கு அப்படி அதிகாரி கிடையாது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தப்போ குழி வெட்டி மொத்தமா தள்ளினாங்க. நிலைமை கைமீறினதும், சாங்கியில் இருந்த கைதிகளிலிருந்து மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கே, எல் என்று ரெண்டு குழுவா இந்த முகாம்களுக்கு அனுப்பினாங்க. அவங்க குறிப்புகளில் நம்மவங்க வர்றாங்க. நான் படிச்ச வரைக்கும் 'தமிழர்கள்' என்று கூட்டமாத்தான் வர்றாங்க. தனி ஒரு பேரும் கண்ணில் படலை.

காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் சுமார் 7,000 சிப்பாய்களுக்கு வரிசை வரிசையா கல் இருக்கு. அதே ஊரில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் வைக்க 2023 ஆச்சு. சிப்பாய்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவங்க பட்டதும் அதே பசி, அதே அடி.

ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குப் போன் போட்டேன். "அப்பாகூட லயத்திலிருந்து வேற யாரெல்லாம் போனாங்க பாட்டி?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவங்க அம்மா அடிக்கடி சொல்லுவாங்கன்னு நாலு பேர் சொன்னாங்க. ஒருத்தர் பேர் மறந்துடுச்சு, 'நொண்டி வீட்டு மாமா' மட்டும்தான் ஞாபகம். அதையும் அப்படியே எழுதிக்கிட்டேன்.

மலேசிய நண்பர்களே, உங்க வீட்டுப் பெரியவங்களையும் இந்த வாரமே கேளுங்க. பேர், தோட்டம், போன வருஷம். இந்த மூணு போதும். பாட்டிக்கு எண்பது தாண்டியாச்சு.