மேல்கையின் பிடி: இருகை பேக்ஹேண்டில் டாப்ஸ்பின் வளர்ந்த வரலாறு

2024 பிப்ரவரியில் வெளியான ஆண்கள் டென்னிஸ் தரவரிசை ஒன்றின் முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர் ஒருவர்கூட இல்லை. 1973இல் அந்தத் தரவரிசை தொடங்கிய நாளிலிருந்து அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. இரண்டாவது கை வென்றுவிட்டது என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டாவது கை ராக்கெட்டைப் பற்றியது 1930களிலேயே. பந்தை உருட்டி மேலேற்றி, வலைக்கு மேல் உயரமாக அனுப்பி, எதிர்ப்பக்கத்தில் சட்டென்று கீழே இறக்கும் இருகை வீச்சு ஆடுகளத்தை ஆளத் தொடங்கியது 1970களில்தான். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அந்த இடைவெளிக்கான விடை இரண்டாவது கை ராக்கெட்டில் இருந்ததா என்பதில் இல்லை, அது எந்தப் பிடியில் இருந்தது என்பதில் இருக்கிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வலக்கை ஆட்டக்காரர் இரு கைகளாலும் ராக்கெட்டைப் பற்றும்போது வலக்கை கைப்பிடியின் அடியில் இருக்கும். இடக்கை அதற்கு மேலே, ராக்கெட்டின் கழுத்தை ஒட்டி இருக்கும். இடக்கை ஆட்டக்காரருக்கு இது மாறும். ஆகவே வலம், இடம் என்று குழப்பாமல் கீழ்க்கை, மேல்கை என்றே குறிப்பிடுகிறேன். கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். ஆள்காட்டி விரலின் அடிக்கணு எந்தப் பட்டையில் படிகிறது என்பதை வைத்துப் பிடிக்குப் பெயர் சொல்வார்கள்: கான்டினென்டல், ஈஸ்டர்ன், செமி வெஸ்டர்ன், வெஸ்டர்ன். இந்தப் பெயர்களே ஒரு வரலாற்றுக் குறிப்பு. கான்டினென்டல் ஐரோப்பாவையும், ஈஸ்டர்ன் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியையும், வெஸ்டர்ன் பந்து உயரமாக எழும்பும் கலிஃபோர்னியாவின் சிமென்ட் தரைகளையும் சுட்டுகின்றன. தரையின் குணம் உள்ளங்கையின் கோணத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

சுழலும் பந்து ஏன் வளைகிறது என்ற கேள்வி டென்னிஸ் கழகங்களைவிட மூத்தது. சாய்ந்த ராக்கெட்டால் அடிபட்ட பந்து வளைந்து செல்வதை நியூட்டன் 1672இல் ஒளியைப் பற்றிய தம் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். 1877இல், விம்பிள்டன் முதன்முதலாக நடந்த அதே ஆண்டில், ரேலி பிரபு டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பயணம் குறித்தே ஒரு கட்டுரை எழுதினார். செய்தி எளியது: முன்னோக்கி உருளும் பந்தை, அதாவது டாப்ஸ்பின் கொண்ட பந்தை, அதைச் சூழ்ந்து ஓடும் காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. அதனால் பலமாக அடித்தாலும் பந்து கோட்டுக்குள் விழும். அந்த உருளலைத் தர, பந்தைத் தொடும் கணத்தில் ராக்கெட்டின் முகம் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். ராக்கெட் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். முகம் வானத்தைப் பார்த்தால் பந்து பறந்துவிடும். தரையைப் பார்த்தால் வலையில் சிக்கும்.

இங்கேதான் பிடி வருகிறது. மணிக்கட்டை வளைத்து வருத்தாமல், இயல்பாக, எந்த உயரத்தில், உடலுக்கு எவ்வளவு முன்னால் முகம் செங்குத்தாகும் என்பதை முடிவு செய்வது பிடி. இருகை வீச்சில் மேல்கை ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் பிடியில் இருந்தால், இடுப்பு உயரப் பந்துக்கு முகம் தானாகவே நேராகும். அதே கை இன்னும் ஒரு பட்டை கீழிறங்கி செமி வெஸ்டர்னுக்குப் போனால், உள்ளங்கை கைப்பிடியின் அடிப்பக்கம் நகரும். பின்வீச்சில் முகம் தரை நோக்கிச் சாயும். பந்தை இன்னும் முன்னால், இன்னும் உயரத்தில் சந்திக்க வேண்டியிருக்கும். ராக்கெட் செங்குத்தாக ஏறுவது எளிதாகும். டாப்ஸ்பின் கூடும். மாறாக, மேல்கை கான்டினென்டலில் இருந்தால் முகம் திறந்துகொள்ளும். பந்தைத் தட்டையாகத் தள்ளலாம், வெட்டலாம், உருட்டுவது கடினம். கீழ்க்கைக்கும் பங்கு உண்டு. அது ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே தங்கிவிட்டால், அந்த மணிக்கட்டை முறுக்கினாலொழிய முகம் நேராகாது. கான்டினென்டலுக்கோ, அதையும் தாண்டி ஈஸ்டர்ன் பேக்ஹேண்டுக்கோ மாறினால்தான் மேல்கை தன் வேலையைத் தடையின்றிச் செய்ய முடியும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய ஆட்டக்காரர்களைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் விவியன் மெக்ராத்தான் இருகை பேக்ஹேண்டை உயர்தர ஆட்டத்துக்குக் கொண்டுவந்த முதல் புகழ்பெற்ற வீரர். 1933இல், பதினாறு வயதில், முந்தைய ஆண்டின் விம்பிள்டன் சாம்பியனான எல்ஸ்வொர்த் வைன்ஸை ஆஸ்திரேலியப் போட்டியில் தோற்கடித்தார். 1937 இறுதிப் போட்டியில் அவர் ஐந்து செட்களில் வென்ற ஜான் பிராம்விச்சும் இருகைக்காரர்தான். பிராம்விச் இடப்பக்கப் பந்தை இடக்கையாலும், வலப்பக்கப் பந்தை இரு கைகளாலும் அடிப்பார், சர்வ் மட்டும் வலக்கையால். அவருடைய ராக்கெட் இலேசானது, நரம்பும் தளர்வாகவே கட்டப்பட்டிருக்கும். பந்தை வைக்கும் நுட்பமே அவருடைய பலம், சுழற்சி அல்ல. ஈக்வடாரின் பான்சோ செகுராவும் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் பிரௌனும் இரு கைகளை ஃபோர்ஹேண்டுக்குப் பயன்படுத்தினார்கள். தென்னாப்பிரிக்காவின் கிளிஃப் டிரைஸ்டேல் இருகை பேக்ஹேண்டுடன் 1965 அமெரிக்கப் போட்டியின் இறுதிவரை சென்றார்.

இவர்கள் எல்லோரும் விதிவிலக்குகளாகவே எண்ணப்பட்டார்கள். பயிற்சியாளர்கள் இதைப் பலவீனத்துக்கான ஊன்றுகோலாகப் பார்த்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைய நான்கு பெரும் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. புல்லில் பந்து வழுக்கித் தாழ்வாக வரும். தாழ்ந்த பந்துக்கு முகம் சற்றே திறந்திருப்பதே நல்லது. மர ராக்கெட்டின் முகப் பரப்போ எழுபது சதுர அங்குலத்தை எட்டினால் அதிகம். கீழிருந்து மேலாக வேகமாக வீசினால் பந்து நடுநரம்பில் படாமல் விளிம்பில் பட்டுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. மேல்கை முழுப் பலத்துடன் உருட்டுவதற்கான காரணமும் இல்லை, கருவியும் இல்லை.

1974ஐ இந்த வரலாற்றின் திருப்பமாக வைக்கிறேன். அந்த ஆண்டின் எட்டு ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் ஆறை இருகைக்காரர்கள் வென்றார்கள்: ஜிம்மி கானர்ஸ் மூன்று, கிறிஸ் எவர்ட் இரண்டு, பியோர்ன் போர்க் ஒன்று. ஆனால் இந்த மூவரையும் ஒரே கூடையில் போடுவது தவறு. பொதுவாக எழுதப்படும் வரலாறுகள் அந்தத் தவறைத்தான் செய்கின்றன. எவர்ட் சிறுமியாக இருந்தபோது ராக்கெட்டை ஒரு கையால் தூக்க வலுவில்லாததால் இரண்டாவது கையைச் சேர்த்துக்கொண்டார். பயிற்சியாளரான தந்தை ஜிம்மி எவர்ட் அதைக் கற்றுத்தரவில்லை, நாளடைவில் மாறிவிடுவாள் என்றே எதிர்பார்த்திருந்தார். கானர்ஸுக்குத் தாயும் பாட்டியும் கற்றுத்தந்த வீச்சு, பந்து எழும்பும்போதே தட்டையாகத் துளைத்துச் செல்வது. இருவருடைய பலமும் நேரத்திலும் துல்லியத்திலும் இருந்தது. இரண்டாவது கை இவர்களிடத்தில் உறுதியைத் தந்தது.

போர்க் வேறு. ஸ்வீடனின் சோடர்டேலியே நகரில், தந்தை மேசைப்பந்துப் போட்டியில் பரிசாக வென்ற ராக்கெட்டோடு தொடங்கிய சிறுவன் அவர்; பனி ஹாக்கியும் ஆடியவர். ஹாக்கி மட்டையில் கீழே இருக்கும் கை இழுத்துச் சுழற்றும், மேலே இருக்கும் கை திசை காட்டும். டென்னிஸ் ராக்கெட்டில் போர்க்கின் மேல்கை செய்தது ஏறக்குறைய ஹாக்கி மட்டையில் கீழே இருக்கும் கையின் உழைப்பைத்தான். பந்தைச் சந்தித்த பின் அவருடைய இடக்கை பிடியை விட்டுவிடும் என்பதை எல்லோரும் கவனித்தார்கள். அதனால் அது ஒற்றைக் கை வீச்சின் மாறுவேடம் என்று எழுதியவர்களும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கை விலகுவது பந்து புறப்பட்ட பிறகு. உருட்டல் நடந்தது அதற்கு முன். அவருடைய மர ராக்கெட்டின் நரம்புகள் சுமார் 80 பவுண்டு இறுக்கத்தில் கட்டப்பட்டிருந்தன. அந்தப் பலகை போன்ற முகத்திலிருந்து அத்தனை சுழற்சியை எடுத்தது கைகளின் பிடியும் பாதையும்தான், கருவி அல்ல. ஃபிரெஞ்சு ஓபனை ஆறு முறையும் விம்பிள்டனைத் தொடர்ந்து ஐந்து முறையும் அவர் வென்ற பிறகு, ஊன்றுகோல் என்ற பேச்சு அடங்கியது.

தமிழ் வாசகருக்கு இங்கே நினைவூட்ட வேண்டிய ஒன்று உண்டு. அதே 1974இல், அமெரிக்க ஓபன் நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்தரையில், போர்க்கை வீழ்த்தியவர் சென்னையின் விஜய் அமிர்தராஜ். ஒற்றைக் கை பேக்ஹேண்டும் சர்வ் அண்ட் வாலியும் கொண்டு வென்றார். 1979 விம்பிள்டனிலும் போர்க்கை ஐந்தாவது செட்வரை இழுத்துச் சென்றார். பந்து தாழ்வாக வழுக்கும் இடத்தில் பழைய பிடி இன்னும் உயிரோடு இருந்தது.

அந்த இடம்தான் சுருங்கத் தொடங்கியது. அமெரிக்க ஓபன் 1975இல் களிமண் தரைக்கும் 1978இல் கடினத் தரைக்கும் போனது. ஆஸ்திரேலிய ஓபன் 1988இல் புல்லைக் கைவிட்டது. ஹோவர்ட் ஹெட் உருவாக்கிய பெரிய முக ராக்கெட்டை பிரின்ஸ் நிறுவனம் 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 110 சதுர அங்குலப் பரப்பில் செங்குத்தாக வீசினாலும் பந்து தப்பாது. 1977இல் நரம்புகளை இரட்டை அடுக்காக, நகரும்படி கட்டிய ‘ஸ்பகெட்டி’ ராக்கெட் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. அதைக் கொண்டு ஆடிய ருமேனிய வீரர் நஸ்டாசேயிடம், களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்கள் வென்றிருந்த அர்ஜென்டின வீரர் விலாஸ் பாதியிலேயே ஆட்டத்தை விட்டு வெளியேறினார். அதன் பிறகுதான் விதிநூலில் ராக்கெட்டுக்கு வரையறையே எழுதப்பட்டது. தடை வந்தாலும், நரம்பு நகர்ந்து திரும்பினால் சுழற்சி கூடும் என்ற பாடம் நின்றது. 1997இல் பாலியெஸ்டர் நரம்புடன் பிரேசில் வீரர் கூர்டென் ஃபிரெஞ்சு ஓபனை வென்றபோது அது சட்டப்படியே திரும்பி வந்தது.

பந்து தோளுயரத்துக்கு எழும்பும் காலம் இது. அந்த உயரத்தில் ஒற்றைக் கை திணறும். மேல்கையோ தன் ஃபோர்ஹேண்டை ஆடுகிறது. ஸ்பெயின் வீரர் நடாலை இதற்குத் தெளிவான சான்றாகக் கொள்கிறேன். அன்றாட வாழ்க்கையில் வலக்கைப் பழக்கமுள்ள அவர் இடக்கையால் ஆடினார். ஆகவே அவருடைய இருகை பேக்ஹேண்டில் மேல்கையாக இருந்தது இயல்பான வலுவுள்ள வலக்கை.

பந்து அதிகம் உருள வேண்டும் என்று இருகை வீச்சைத் திருத்த விரும்பும் பயிற்சியாளர்களுக்கு இந்த வரலாறு சொல்லும் வழி ஒன்று. கீழ்க்கையைக் கான்டினென்டலில் வையுங்கள். மேல்கையை ஈஸ்டர்னில் தொடங்கி, மாணவர் பந்தை முன்னால் சந்திக்கப் பழகிய பின் செமி வெஸ்டர்னுக்கு நகர்த்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். தாழ்ந்த பந்துக்கு இந்தப் பிடி சிரமம் தரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முழங்காலை மடக்கவும் சொல்லிக்கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கீழ்க்கையை எடுத்துவிட்டு, மேல்கையால் மட்டும் தினமும் ஐம்பது பந்துகளை ஃபோர்ஹேண்டாக அடிக்கச் செய்யுங்கள்.