செயற்கைத் துப்பாக்கிக் கட்டை

வன்மையாகப் பின்னுதைக்கும் வேட்டை ரைபிள்களில் வால்நட் மரக்கட்டைக்குப் பிரதியாகப் பொருத்தப்படும், பெரும்பாலும் கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்துச் செய்யப்படும் கட்டை இது. 1956-இல் வின்செஸ்டர் நிறுவனம் ஆப்பிரிக்கப் பெருவிலங்கு வேட்டையைக் கருதி வெளியிட்ட .458 மாக்னம் தோட்டாவைப் போன்று ஏறக்குறைய 32 கிராம் எடையுள்ள குண்டை எறியும் ரைபிளில், சுடுந்தோறும் எழும் பின்விசையின் பெரும்பகுதி, குழலுக்கு அடியிலுள்ள உலோக முட்டின் வழியாகக் கட்டையின் ஒரு சிறு பரப்பிலேயே மோதுவதால், ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் சுபாவமுள்ள மரம் நாளடைவில் அவ்விடத்தில் பிளந்துவிடுதலுண்டு. ஆகவே மாற்றுக் கட்டையைத் தெரிந்தெடுப்போர் பிரதானமாக ஆராயவேண்டியது அதன் நிறமோ அலங்காரமோ அன்று. அம்முட்டு தங்கும் படுகையின் உறுதியே. அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் கட்டை நெளியக்கூடியதாதலின், கையால் அடுக்கிய கண்ணாடியிழைக் கட்டையோ, உள்ளே அலுமினியப் பாளம் பதித்ததோ உத்தமம். எபாக்சிப் பிசினிட்டு உலோகப் பாகங்களை இடைவெளியின்றி அமர்த்துதலும் அவசியம். இலேசான கட்டை சுமப்பதற்குச் சுகமாயினும், ரைபிளின் பாரம் குறையக் குறையப் பின்னுதைப்பு மிகுவது பௌதிக நியதி. இதனை மறந்து இலேசானதையே நாடுவோர் பலராயிருப்பது வருந்தத்தக்கது. அகன்ற ரப்பர்த் திண்டு தோளையும், அதிகம் தாழாமல் நேராயமைந்த மேல்விளிம்பு கன்னத்தையும் காக்கும்.