கண்டுபிடிப்புப் படி (காப்புரிமைச் சட்டம்)

துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கு, முன்பே தெரிந்தவற்றிலிருந்து எளிதில் தோன்றிவிடக்கூடிய ஒன்றுக்குக் காப்புரிமை இல்லை என்னும் விதி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதை வலியுறுத்துகிறது. புதியதாக இருந்தால் மட்டும் போதாது.

தொழிற்பூச்சுகளில் இந்தச் சோதனை கடினமானது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் உருட்டு மேசையை எண்ணிப் பார்க்கலாம். வாடிய கொழுந்து நசுங்கிக் கசியும் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும்; அதைத் தவிர்க்கப் பித்தளை போர்த்திய மேசைகள் தோது. பித்தளைக்குப் பதில் இரும்பு மேசையில், மற்ற உணவு இயந்திரங்களில் பழகிய துருத்தடுப்புப் பூச்சையே தடவினால் விளைவு எதிர்பார்த்ததுதான். உரிமை கிடைப்பது அரிது. அதே பூச்சால் யாரும் எதிர்பாராதபடி இலையின் முறுக்கு மேம்பட்டால் கதை வேறு. விடை தெரிந்தபின் எல்லாமே எளிதாகத் தோன்றும். ஆகவே விண்ணப்ப நாளுக்கு முந்தைய அறிவோடு நின்று பார்ப்பதே நியாயம்.

கதவுக் குமிழை உலோகத்துக்குப் பதில் களிமண்ணில் செய்வது கண்டுபிடிப்பாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851இல் தீர்ப்பளித்தது.

பாத்திரத் தயாரிப்புக் கருவி தொடர்பான பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், வெறும் பட்டறைச் சீர்திருத்தம் போதாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் கூறி, அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது.