நெடுந்தொலைவு வைஃபை

நெடுந்தொலைவு வைஃபை என்பது, ஓர் அறைக்குள்ளோ கட்டடத்திற்குள்ளோ பயன்படுவதற்கென வடிவமைக்கப்பட்ட வைஃபை கருவிகளைக் கொண்டு, பல கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு இடங்களுக்கிடையே கம்பியில்லா அகலப்பட்டை இணைப்பை ஏற்படுத்தும் முறையாகும். தொலைபேசிக் கம்பியோ ஒளியிழை வடமோ சென்று சேராத ஊர்களுக்குக் குறைந்த செலவில் இணையத்தைக் கொண்டு செல்ல 2000களில் பல நாடுகளில் இம்முறை கையாளப்பட்டது. தமிழ்நாட்டின் தேனிப் பகுதியில் கண் மருத்துவத்திற்காக அமைக்கப்பட்ட வலையமைப்பு இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

அமைப்பு

வீட்டு வைஃபை கருவியின் அலைகள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. நெடுந்தொலைவு இணைப்பில் அவை திசை நோக்கிய ஆன்டெனாக்களால் ஒரே திசையில் குவிக்கப்படுகின்றன. இரு முனைகளும் ஒன்றையொன்று மறைப்பின்றி நோக்க வேண்டும். நேர்கோட்டில் பார்வைக்குத் தடை இல்லாதிருப்பது மட்டும் போதாது, 30 கி.மீ. நீள இணைப்பொன்றில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு நடுவழியில் ஏறத்தாழ 30 மீட்டர் ஆரமுள்ள வெளி தேவைப்படுகிறது. இத்துடன் புவியின் வளைவையும் கணக்கிட வேண்டியிருப்பதால் உயர்ந்த கோபுரங்கள் அல்லது மலை முகடுகள் தேவைப்படுகின்றன. இடையில் வளர்ந்துவிட்ட மரங்களும் இணைப்பைக் கெடுக்கக்கூடும்.

காலத் தாமதச் சிக்கல்

அலையின் வலிமைக் குறைவே முதன்மைத் தடை எனப் பலர் கருதுவர். உண்மையில் பெரிய தடை வைஃபையின் விதிமுறையிலேயே உள்ளது. 802.11 சீர்தரப்படி, ஒரு கருவி அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் மறுமுனை உடனே ஒப்புகை அனுப்ப வேண்டும். சில பத்து மைக்ரோ நொடிகளுக்குள் அது வராவிடின் பொதி தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பப்படும். ரேடியோ அலை 30 கி.மீ. சென்று திரும்பவே 200 மைக்ரோ நொடிகள் ஆகும். ஆகவே நன்கு சென்று சேர்ந்த பொதியும் தொலைந்ததாகவே கொள்ளப்படுகிறது. மேலும், பிறர் அனுப்புகின்றனரா எனக் கேட்டறிந்த பின்னரே அனுப்புவது வைஃபையின் வழக்கம். தொலைவு மிகும்போது மறுமுனையின் அலை வந்து சேருமுன்னரே இம்முனையும் அனுப்பத் தொடங்கிவிடுவதால் மோதல்கள் நிகழ்கின்றன.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) டயர் ஆய்வுக்குழு, எரிக் புரூவர் தலைமையில் இதற்கு மென்பொருள் வழித் தீர்வு கண்டது. முறைப்பாசனத்தில் வயல்களுக்கு நீர் விடுவதைப்போல், இரு முனைகளுக்கும் மாறி மாறி நேரம் ஒதுக்கப்பட்டது. ஒப்புகைகள் மொத்தமாக அனுப்பப்பட்டன. கருவிகள் மலிவான வைஃபை அட்டைகளே. 2007 இல் வெளியிடப்பட்ட வைல்டுநெட் எனும் இம்முறை, வழமையான வைஃபையை விட 2 முதல் 5 மடங்கு வேகத்தைத் தந்தது. அதே ஆண்டில் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியத்ரோசெமொலி குழுவினர், 4000 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள பீக்கோ டெல் ஆகிலாவிலிருந்து 382 கி.மீ. தொலைவுக்கு இணைப்பு ஏற்படுத்தினர். டயர் குழுவின் மென்பொருளுடன் அதில் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 3 மெகாபிட் கிடைத்தது.

தேனி வலையமைப்பு

2005 சனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, ஆற்றல் வரம்புக்குட்பட்டு, வெளியிடங்களிலும் உரிமமின்றிப் பயன்படுத்த இசைந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிற்றூர்க் கண் மையங்களை டயர் குழு வைஃபையால் இணைத்தது. முதலில் இணைக்கப்பட்டவை 5. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைச் சோதிப்பார்; தேனியிலுள்ள மருத்துவர் நிகழ்படம் வழியே நோயாளியுடன் உரையாடி முடிவு கூறுவார். இதனால் மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் பயணம் செய்தால் போதுமானதாயிற்று. கூலி வேலை செய்வோருக்கு இது ஒரு நாள் வருவாயையும் பேருந்துச் செலவையும் மிச்சப்படுத்துவதாகும்.

இவ்வலையமைப்பில் பழுதுகள் பெரும்பாலும் அலைகளால் அன்றி மின்சாரத்தாலேயே நேர்ந்தன. மின்னழுத்த ஏற்ற இறக்கங்களால் மின்வழங்கிகள் எரிந்தன. திடீர் மின்வெட்டுகளால் நினைவக அட்டைகளில் தரவுகள் சிதைந்தன. பொறியாளர்கள் தொலைவில் இருந்ததால், சிறு பழுதும் நாட்கணக்கில் நீடித்தது. பின்னர் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதுடன், மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிகளும் சேர்க்கப்பட்டன.

பிற்கால நிலை

2010களில் 4ஜி செல்பேசிச் சேவை ஊர்ப்புறங்களில் பரவியதால், பல இடங்களில் இம்முறையின் தேவை குறைந்தது. எனினும் நேரம் ஒதுக்கும் முறை, கம்பியில்லா இணைய வழங்குநர்கள் பயன்படுத்தும் வணிகக் கருவிகளிலும் இடம்பெற்றது. உரிமமற்ற அலைவரிசைக்குக் குறுக்கீட்டிலிருந்து சட்டப் பாதுகாப்பு இல்லை. அண்டையில் வேறொருவர் அதே அலைவரிசையைப் பயன்படுத்தினால் இணைப்பின் வேகம் குறையும்.