இருக்கையும் தடமும்

சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வந்து மதுரைக்குப் பேருந்து ஏறுபவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. நிலக்கோட்டை, வாடிப்பட்டி என்று ஊர்களை விரைந்து கடந்துவரும் வண்டி, பாத்திமா கல்லூரியைத் தாண்டியதும் ஊரத் தொடங்கிவிடும். அறுபது பேர் அமர்ந்தும் நின்றும் வரும் பேருந்து, ஒருவர் மட்டுமே அமர்ந்திருக்கும் காருக்குப் பின்னால் காத்து நிற்கும். இதை நாம் 'நெரிசல்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சாலையில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது வரலாறு நெடுகிலும் தீர்மானிக்கப்பட்டு வந்த ஒன்று என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த வரலாற்றின் முக்கியமான பக்கம் ஒன்று சேவுகம்பட்டிக்கு அடுத்த ஊரான பட்டிவீரன்பட்டியைச் சார்ந்தது. அவ்வூரில் 1893இல் பிறந்தவர் ஊ.பு.அ. சௌந்திரபாண்டியனார். நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முன்னணியில் நின்றவர். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தாழ்த்தப்பட்ட மக்களைத் தனியார் பேருந்துகள் ஏற்ற மறுத்த காலம் அது. இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். சாலை பொதுப்பணத்தில் போடப்பட்டது. அதில் ஓடும் வண்டி பொதுமக்களில் ஒரு பகுதியினரை விலக்க முடியாது என்பதே அந்த ஆணையின் உட்பொருள் எனலாம். மனமாற்றம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உரிமம் என்ற நிர்வாகக் கருவியை எடுத்துப் பயன்படுத்தினார்.

பேருந்துக்குள் எல்லோருக்கும் இடம் என்பது முதல் கட்டம். 1972இல் பல்லவன், பாண்டியன் முதலிய அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றிப் பேருந்தை ஒரு பொதுச்சேவையாக நிலைநிறுத்தியது அடுத்த கட்டம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய வழி செய்யப்பட்டதை இதன் நீட்சியாகக் கொள்ளலாம். ஆனால், ஏறியவர் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே! சாலையில் பேருந்துக்கு இடம் என்ற மூன்றாவது கட்டத்தில்தான் நாம் தயங்கி நிற்கிறோம்.

பிற நாடுகள் இதை எப்போதோ எதிர்கொண்டன. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் பேருந்துகளுக்கெனத் தனித்தடம் ஒதுக்கியது. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 2000ஆம் ஆண்டில் 'டிரான்ஸ்மிலேனியோ' தொடங்கியது. சுரங்க இரயிலுக்கு ஆகும் செலவில் சிறுபகுதியைக் கொண்டே பெருந்திரளை ஏற்றிச்செல்ல முடியும் என்பதை இந்நகரங்கள் காட்டின.

இந்தியாவில் இதன் கதை இருமுகம் கொண்டது. தில்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்குத் தனித்தடம் திறக்கப்பட்டது. சாலையின் நடுவே நிறுத்தங்கள் அமைந்ததால் பயணிகள் வாகனங்களுக்கிடையே கடக்க வேண்டியிருந்தது. சிக்னல்களில் காத்திருப்பு நீண்டது. பாதை குறுகிய தொலைவோடு நின்றுபோனது. குறைகள் மெய்யானவை. ஆயினும், நீதிமன்றம் வரை சென்ற கோரிக்கை அக்குறைகளைக் களைவது பற்றியதன்று. தடத்தைக் கார்களுக்கும் திறந்துவிடுவது பற்றியது. 2012இல் தில்லி உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இருந்தும் 2016இல் அத்தடம் அகற்றப்பட்டது.

அகமதாபாத்தில் 2009இல் தொடங்கிய 'ஜன்மார்க்' நிலைபெற்றது. அங்கே பேருந்தின் தளமும் நிறுத்தத்தின் தளமும் ஒரே மட்டத்தில் அமைந்தன. ஏறுவதற்கு முன்பே சீட்டு வாங்கிவிடலாம். ஒற்றைச் சாலையோடு நில்லாமல் அது ஒரு வலைப்பின்னலாக விரிந்தது. சென்னையிலும் இத்தகைய திட்டங்கள் பலமுறை பேசப்பட்டன. அகமதாபாத்தைப் போன்ற ஒரு வலைப்பின்னல் மட்டும் உருவாகவில்லை.

சென்னை தியாகராய நகரிலுள்ள பாண்டி பஜார் சௌந்திரபாண்டியனாரின் பெயரால் அமைந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. 2019 நவம்பரில் அத்தெருவில் வாகனங்களுக்கான அகலத்தைக் குறைத்து, நடப்போருக்கு அகன்ற நடைபாதை அமைத்தார்கள். சாலையின் பங்கீட்டை மாற்ற நம்மாலும் முடியும் என்பதற்கு அதுவே சான்று. நடப்பவருக்குச் செய்ததை நின்றுகொண்டே பயணம் செய்பவருக்கும் செய்யலாமல்லவா?

'ஒரு தடத்தைப் பேருந்துக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நம் நகரச் சாலைகள் பல குறுகலானவை. எல்லாவற்றிலும் தனித்தடம் இயலாது. நெரிசல் மிகுந்த சில வழித்தடங்களைத் தேர்ந்து, நடைபாதையும் கடவுப்பாதையும் சேர்த்துத் திட்டமிட்டு, அத்துமீறலைத் தொடர்ந்து கண்காணித்தால்தான் பயன் கிட்டும். வெறும் வண்ணக்கோடு போதாது என்பதையும் தில்லி கற்பித்திருக்கிறது.

தை மாதத்தில் சேவுகம்பட்டியில் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடக்கும். பழக்கூடைகளைச் சுமந்து வருவோருக்குத் தெரு தானாகவே வழிவிடும். அங்கே சுமப்பவரும் ஒதுங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவரையொருவர் அறியாத நகரச் சாலையில் அந்த இணக்கத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. அங்கே ஆணை வேண்டும். அதைப் பிறப்பிக்கும் துணிவும் வேண்டும். பட்டிவீரன்பட்டிக்காரர் ஒருவர் அதை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார்.