ஒற்றைத் தலைவலியும் வருமுன் காக்கும் மருந்துகளும்

மாந்தரை வருத்தும் நோய்களுள் சில உயிரைக் கொள்ளும். வேறு சில உயிரை விட்டுவைத்து, வாழும் நாள்களைக் கொள்ளும். ஒற்றைத் தலைவலி பின்னதைச் சார்ந்தது. பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் தெறித்தெழும் வலி, குமட்டல், ஒளியையும் ஓசையையும் தாங்கவியலாமை ஆகியவை அதன் அடையாளங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், 'பாதி மண்டை' எனப் பொருள்படும் சொல்லால் இந்நோயைக் குறித்தார். அச்சொல்லே திரிந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துள் புகுந்து, 'மைக்ரேன்' ஆயிற்று. தமிழில் வழங்கும் பெயரும் அதே பொருளைத் தருதல் நோக்கத்தக்கது.

இந்நோய் சிலருக்கு எப்பொழுதாவது வந்து நீங்கும். சிலரிடமோ நிலையாகவே குடியேறிவிடும். திங்களில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் 8 நாளேனும் ஒற்றைத் தலைவலியின் இயல்பு காணப்பட்டு, இந்நிலை மூன்று திங்களுக்கு மேல் நீடிக்குமாயின், அதனை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என மருத்துவர் வகுப்பர். வலி வரும்போதெல்லாம் வலிநீக்கி மாத்திரையை விழுங்குதல் இவர்களுக்கு வழியாகாது. அளவுக்கு மிஞ்சிய வலிநீக்கியே புதிய தலைவலிக்கு வித்தாகிவிடும். ஆதலின், வலி இல்லாத நாளிலும் மருந்துண்டு, வலி வராமல் தடுக்கும் முறை தேவைப்பட்டது.

நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டுமென்பது வள்ளுவர் வகுத்த முறை. இந்நோயின் வரலாற்றிலோ அம்முறை நெடுங்காலம் தலைகீழாகவே நடந்தது. காரணம் விளங்குமுன்னரே மருந்துகள் வந்து சேர்ந்தன. அவற்றுட் பல பிற நோய்களுக்கென ஆக்கப்பட்டவை.

ரை என்னும் தானியக் கதிரைப் பற்றும் எர்காட் பூஞ்சையிலிருந்து எர்காட்டமைன் என்னும் பொருளை 1918இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் பிரித்தெடுத்தார். அது வந்த வலியைத் தணித்தது. வரும் வலியைத் தடுக்கவில்லை. எர்காட் வழிவந்த மெத்திசெர்ஜைடு என்னும் மருந்தை, 1959இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகர மருத்துவர் ஃபெடரிகோ சிக்குதேரி இந்நோய்க்குப் பயன்படுத்திக் காட்டினார். செரோட்டோனின் என்னும் உடற்பொருளுக்கும் தலைவலிக்கும் தொடர்புண்டு என்னும் கருத்தே அவருக்கு வழிகாட்டிற்று. வருமுன் காக்கும் மருந்தாக இந்நோய்க்குப் பரவலாக வழங்கப்பட்டவற்றுள் இதுவே முன்னோடி எனலாம். பல்லாண்டு இருட்டறையில் முடங்கிக் கிடந்தோர் மீண்டும் பணிக்குத் திரும்பினர்.

ஆயினும், அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஜான் கிரகாம், மூன்று ஆண்டுகளில் 500 நோயாளிகளிடம் கண்டவற்றை 1964இல் வெளியிட்டார். நீண்ட நாள் இம்மருந்தை உண்டோருள் சிலருக்கு வயிற்றின் பின்புறத்தே நார்த்திசு தடித்து வளர்ந்து சிறுநீர்க் குழாய்களை நெரித்தது. சிலருக்கு இதயமும் நுரையீரலும் தாக்குண்டன. ஆறு திங்களுக்கொருமுறை சில வாரம் மருந்தை நிறுத்த வேண்டுமென்னும் விதி பிறந்தது. 2002இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி எழுப்பும் வினா ஆழமானது. உயிரைக் கொல்லாத ஒரு நோயைத் தடுக்க, உயிருக்கு ஊறு செய்யக்கூடிய ஒரு மருந்தை நாள்தோறும் உண்ணலாமா? நோயின் கொடுமையை அறியாதார் 'கூடாது' என எளிதிற் கூறிவிடுவர். திங்களில் பாதியை வலிக்கு இழந்தவரோ அவ்வாறு எளிதிற் கூறார். நன்மையையும் தீமையையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு அன்று முதல் மருத்துவ உலகின் தலைமேல் ஏறிற்று.

அடுத்த மருந்து எதிர்பாராத வாயிலில் நுழைந்தது. இதய நோய்க்கென ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரோப்ரனலாலை உருவாக்கினார். அதனை நெஞ்சுவலிக்கு ஆய்ந்துகொண்டிருந்த ராப்கின் முதலிய மருத்துவர்கள், நோயாளி ஒருவருக்கு நெடுநாளைய ஒற்றைத் தலைவலியும் நீங்கியதைக் கண்டு, 1966இல் வெளியிட்ட கட்டுரையில் குறித்தனர். நெஞ்சைப் பற்றிய ஆய்வில் தலையைப் பற்றிய சொல்லுக்கும் செவிசாய்த்தமையே அவர்தம் சிறப்பு. 1972இல் வெளியான ஆய்வொன்று அப்பயனை உறுதிப்படுத்திற்று. ஆஸ்துமா உடையார்க்கு ஆகாதெனினும், இன்றும் இம்மருந்து பயன்பட்டு வருகிறது. பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வாறே மனச்சோர்வுக்குரிய அமிட்ரிப்டிலின் 1970களில் ஆராயப்பட்டது. காக்காய் வலிப்புக்குரிய வால்ப்ரோயேட் 1996இலும், டோபிராமேட் 2004இலும் ஒற்றைத் தலைவலிக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எனினும், வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்வது. டோபிராமேட் சிலருக்குச் சொற்களை மறக்கச் செய்வது. இரவல் மருந்துகளுக்கு இரவல் குறைகளும் உண்டு.

காரணத்தைத் தேடும் முயற்சி இதற்கிடையே தளராமல் நடந்தது. நரம்புகளில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருள் 1980களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. வலி மிகுந்த வேளையில் நோயாளிகளின் கழுத்து நாளத்திலிருந்து எடுத்த குருதியில் அப்பொருள் மிகுந்திருத்தலைப் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990இல் அறிவித்தனர். அதனை உடலிற் செலுத்தினால் இந்நோயுடையார்க்கு வலி தோன்றுவதை 2002இல் டென்மார்க்கு அறிஞர்கள் காட்டினர். அப்பொருளின் செயலைத் தடுக்கும் எரெனுமாப் என்னும் ஊசிமருந்து 2018இல் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. திங்களுக்கொருமுறை தோலினடியில் செலுத்தப்படும் இது, இந்நோயைத் தடுப்பதற்கென்றே ஆக்கப்பட்டது. வள்ளுவர் வகுத்த வரிசை ஈண்டு நிறைவேறியது எனின் மிகையாகாது.

ஆயினும், எல்லார்க்கும் ஒருங்கே பயன்தரும் மருந்து இன்றும் இல்லை. திங்களில் வலியுறும் நாள்கள் பாதியாகக் குறைவதையே மருத்துவர் வெற்றியெனக் கொள்வர். மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கி, மெல்ல உயர்த்தி, இரண்டு மூன்று திங்கள் பொறுத்து, நாட்குறிப்பில் வலியுற்ற நாள்களை எண்ணிய பின்னரே அதன் பயனைத் துணிய இயலும். ஒன்று பயன்படாவிடின் மற்றொன்றை நாட வேண்டும். இவ்வாய்வில் மருத்துவரோடு நோயாளியும் பங்காளியாகிறார்.

ஒரு நோயாளியின் சொல்லைக் கேட்டதால் புரோப்ரனலால் இந்நோய்க்கு வந்தது. 500 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததால் மெத்திசெர்ஜைடின் தீங்கு வெளிப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத வலியைப் பொய்யென ஒதுக்காது செவிமடுத்த இடத்திலெல்லாம் மருத்துவம் முன்னேறியிருக்கிறது. மருத்துவர்க்கேயன்றி, தலைவலியென்று சொல்லி வகுப்பில் தலைகவிழும் மாணவரைக் காணும் ஆசிரியர்க்கும் இவ்வரலாறு நல்லதொரு பாடமாகும்.